டயாலிசிஸ் பிள்ளையின் கால் எரிச்சல்: சத்துக்குறைவா, நரம்பா?

பண்ருட்டி வாசகரின் கேள்வி, 18 மே 2024

என் மகனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. ஏழு மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு மாதமாக இரவில் கால் எரிகிறது, எறும்பு ஊறுகிறது என்று அழுகிறான். மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பி12 ஊசி பத்து போட்டால் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். போடலாமா? சிறுநீரகத்துக்கும் கால் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

18 மே, இரவு 10.40

அந்த மாத்திரையை மேலும் கொடுக்காதீர்கள். அட்டையோடு எடுத்துக்கொண்டு போய் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். நான் மருத்துவர் இல்லை. கடலூரில் அறிவியல் ஆசிரியை. என் மகள் எட்டு வயதிலிருந்து பத்தரை வயது வரை டயாலிசிஸில் இருந்தாள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சம்பந்தம் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தங்கத் தங்க நரம்பு இழைகள் மெல்ல நலிகின்றன. இடுப்புப் பக்கத்திலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்புகள்தான் உடலிலேயே நீளமானவை. முதல் அடி அவற்றுக்குத்தான். ஆகவே விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும், இரண்டு காலிலும் ஒன்றுபோல. எரிச்சல், குறுகுறுப்பு, மதமதப்பு, இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது எல்லாம் இதன் அடையாளங்கள். 1963-லேயே ஆஸ்பரி, விக்டர், ஆடம்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். அறுபது ஆண்டு கடந்தும் மருந்துக்கடையில் சத்து மாத்திரையை நீட்டுகிறார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம்.

உங்கள் மகன் வாய்விட்டுச் சொல்கிறான். என் மகள் சொல்லவே இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது விடைத்தாள் திருத்த வேண்டும்.

19 மே, காலை

2017, ஆடி மாதம். டயாலிசிஸுக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வாரம் மூன்று நாள் பஸ். அன்று ஒரு வேலையாக மரப்பாலத்தில் இறங்கி நடந்தோம். பின்னாலிருந்து ஒரு பூக்கார அம்மா கூப்பிட்டார்: “ஏம்மா, பிள்ளை செருப்பை விட்டுவிட்டுப் போகிறதே!” திரும்பிப் பார்த்தால் நீல நிற ரப்பர் செருப்பு ஒன்று பத்துப் பதினைந்து அடி பின்னால் கிடக்கிறது. வலது காலில் செருப்பு இல்லாமலேயே மகள் நடந்து வந்திருக்கிறாள். பகல் ஒன்றரை மணி, தார்ச்சாலை. உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். குதிகால் சிவந்து, தார் ஒட்டியிருந்தது.

“கால் சுடவில்லையா?”

“சுடுகிறதா அம்மா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அப்போது டயாலிசிஸ் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம். ஒவ்வொரு மாதமும் இரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் குறித்தார்கள். ஒருவரும் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்த செவிலியர்கள் என் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தவர்கள். ஆனாலும் இரண்டு நிமிடச் சோதனை அது.

நானும்தான் பார்க்கவில்லை. தினமும் குளிப்பாட்டியவள் நான்.

19 மே, மாலை

ஒருவர் கேட்கிறார்: பிள்ளைக்கு உணர்ச்சி குறைந்தால் அதுவே சொல்லாதா? சொல்லாது. மெல்ல மெல்லக் குறைவதால் நேற்று எப்படி இருந்தது என்பது அதற்கு நினைவிருக்காது. சிறு வயதிலேயே தொடங்கிவிட்டால் எல்லோருடைய காலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் பலருக்கு வெளியே ஒரு தொல்லையும் தெரியாது. நரம்பின் வேகத்தை அளக்கும் மின்கடத்தல் சோதனை செய்தால்தான் அது மந்தமாகியிருப்பது தெரியும். “பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே” என்று மருத்துவர் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். காலைப் பாருங்கள் என்று கேளுங்கள்.

20 மே

அந்த இரண்டு நிமிடச் சோதனை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

செருப்பு விழுந்த வாரமே நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் மேசையிலிருந்து எடுத்தது இசைக்கவை, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 256, 512 என்று வரிசையாக மாட்டி வைத்திருப்பேனே, அதன் பெரிய அண்ணன். காம்பில் 128 என்று பொறித்திருந்தது, அடியில் ஒரு வட்டத் தட்டு. உள்ளங்கையில் தட்டி, மகளின் மணிக்கட்டு எலும்பில் வைத்தார். சிரித்துவிட்டாள். “வண்டு உட்கார்ந்திருக்கிறது” என்றாள். மறுபடி தட்டி முழங்கால் சில்லில் வைத்தார். “வண்டு.” கணுக்கால் முட்டியில் வைத்தார். யோசித்தாள். “சின்ன வண்டு.” பெருவிரலில் வைத்தார். கவை அதிர்ந்துகொண்டிருப்பது எனக்குக் கண்ணாலேயே தெரிகிறது. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எப்போது வைப்பீர்கள் என்பதுபோல் காத்திருந்தாள்.

பிறகு சிறு சுத்தியலால் குதிகால் நரம்பின் மேல் தட்டினார். பாதம் அசையவில்லை. இரண்டிலும்.

பதினெட்டு வருடம் அந்தக் கவையை மேசையில் தட்டி ஒலி அலை நடத்தியவள் நான்.

20 மே, சற்று நேரம் கழித்து

ஒரு திருத்தம். “குதிகால் நரம்பு” என்று எழுதிவிட்டேன். சுத்தியல் தட்டுவது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில். நரம்பு வேறு, தசைநாண் வேறு. பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம், இரத்தக் குழாயைக்கூட.

23 மே

மின்கடத்தல் சோதனை பற்றி. காலில் மின்முனைகளை ஒட்டி, சிறு மின் அதிர்வு கொடுத்து, செய்தி நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். சுளீர் என்று இருக்கும். பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். ‘எறும்பு கடிக்காது’ என்று நான் சொல்லி அழைத்துப்போய், அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அறிக்கையில் வேகம் வினாடிக்கு 34 மீட்டர் என்றிருந்தது. பெரியவர்களுக்குக் காலில் 40-க்கு மேல் இருக்க வேண்டும். இங்கே கவனம் தேவை: பிறந்த குழந்தைக்கு வேகம் பெரியவர்களில் பாதிதான். நரம்பைச் சுற்றிய உறை வளர வளர வேகம் கூடி, மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரியவர் அளவை நெருங்கும். மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு 34 கவலைப்பட வேண்டிய எண் இல்லை. ஒன்பது வயதுக்குக் கவலைதான். வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

24 மே

கணக்குப் பிடித்த பெற்றோருக்கு. பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் எண்) வகுத்தால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறத்தாழக் கிடைக்கும். 2009-லிருந்து பயன்படும் ஸ்வார்ட்ஸ் சூத்திரம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால்தான் பொருந்தும். என் மகள் அப்போது 112 சென்டிமீட்டர், கிரியாட்டினின் 4.2. விடை 11. பெரியவர்களில் 12-க்குக் கீழே இறங்கும்போது நரம்புத் தொல்லை தலைகாட்டுவது வழக்கம் என்று பிற்பாடு படித்தேன். இந்தச் சூத்திரம் அன்றைக்கே என் நோட்டில் இருந்தது. காலோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

2 ஜூன்

பி12 பற்றி இரண்டு பேர் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். நியாயம்தான். முதல் குறிப்பை எரிச்சலில் எழுதினேன். பி12 உண்மையிலேயே குறைந்தாலும் கால் மரத்துப்போகும். இரத்தத்தில் அளந்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஊசி போட்டே ஆக வேண்டும். அளக்காமல் பத்து ஊசி போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நீரில் கரையும் வைட்டமின்கள் டயாலிசிஸில் கழுவிப்போய்விடும். பி1, பி6, ஃபோலிக் அமிலம் எல்லாம் அப்படி. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். கடையில் வாங்கும் மாத்திரையில் இரண்டு வில்லங்கம். பி6 அளவுக்கு மீறினால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும். வைட்டமின் ஏ சேர்ந்திருந்தால், அது வெளியேற வழியில்லாமல் உடலில் சேர்ந்துகொண்டே போகும். கால் எரிச்சலுக்கு வாங்கிய மாத்திரையே கால் எரிச்சலைத் தரக்கூடும் என்பதால்தான் முதல் நாளே நிறுத்தச் சொன்னேன்.

3 ஜூன்

“பிரைமரி காம்ப்ளெக்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், சிறுநீரகமும் பழுது” என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அம்மா, அந்த மாத்திரைகளில் ஐசோநயாசிட் இருக்கும். அது பி6-ஐக் குறைத்து நரம்பைத் தாக்கும். கூடவே பி6 கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். காசநோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

9 ஜூன்

பலாப்பழம். பண்ருட்டிக்காரரிடம் இதை எழுதாமல் இருக்க முடியாது.

தாத்தாவின் தோப்பிலிருந்து பழம் வந்து, வெட்டி, வீடு முழுக்க மணக்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் உள்ளே உட்காரச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று தெரியும். என் மாமனாருக்கும் முந்திரித் தோப்பு உண்டு. ஆனால் 100 கிராம் பலாச்சுளையில் ஏறத்தாழ 450 மில்லிகிராம் பொட்டாசியம். முந்திரியில் 650-க்கும் மேல், பாஸ்பரஸ் வேறு. இளநீர் 100 மில்லியில் 250 வரை. ஒரு காய் முழுக்கக் குடித்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நரம்பு செய்தி அனுப்புவதே பொட்டாசியமும் சோடியமும் அதன் சுவரைத் தாண்டி உள்ளே வெளியே போய்வருவதால்தான். வெளியே பொட்டாசியம் கூடிவிட்டால் நரம்பு ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் அரைகுறையாகத் தூண்டப்பட்டே கிடக்கும். சிட்னியில் உள்ள ஆய்வாளர்கள் இதைத்தான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருந்த 47 பெரியவர்களை 24 மாதம் தொடர்ந்து பார்த்து, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்பு அந்த அளவுக்குக் கெடவில்லை என்று 2017-ல் எழுதினார்கள். பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இல்லை அது. ஆனாலும் எனக்கு அது போதும், சுளையை ஒளித்து வைப்பதற்கு.

ஒரு வழி: டயாலிசிஸ் நடக்கும் முதல் மணி நேரத்தில் ஒரே ஒரு சுளை கொடுக்க எங்கள் உணவியல் நிபுணர் அனுமதித்தார். உங்கள் பிள்ளைக்குச் சரிவருமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மகள் அந்த ஒரு சுளையை நார் நாராகப் பிய்த்து நாற்பது நிமிடம் சாப்பிடுவாள்.

காய்கறியில் பொட்டாசியம் குறைய, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சாம்பார் ருசிக்காது. பழகிவிடும்.

10 ஜூன்

நட்சத்திரப் பழம் பற்றி நினைவூட்டியவருக்கு நன்றி. புதுச்சேரிப் பக்கம் சில வீட்டுத் தோட்டங்களில் நிற்கிறது. சிறுநீரகம் பழுதான ஒருவர் அதை ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அதில் இருக்கும் காரம்பாக்சின் என்ற நஞ்சு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல் முதல் அடையாளம், பிறகு குழப்பம், வலிப்பு. அந்த நஞ்சை 2013-ல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

30 ஜூன்

பண்ருட்டித் தம்பி, உங்கள் புதிய குறிப்பைப் பார்த்து நெஞ்சு பதறியது. வலது பாதம் மட்டும் தொய்கிறது, விரல் தரையில் இழுபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை நாள் நான் இரண்டு காலும் என்று நினைத்துக்கொண்டே எழுதிவந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் கதை வேறு. கழிவுகளால் வரும் நலிவு இரண்டு பக்கமும் சமமாக வரும். ஒற்றைப் பாதம் தொங்கினால் அந்தக் காலின் நரம்பு எங்கோ நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பு மேடு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. மெலிந்த பிள்ளைகளுக்கு அதன்மேல் கொழுப்புத் திண்டு இல்லை. ஏற்கெனவே நலிந்த நரம்புக்குச் சிறு அழுத்தமே போதும். டயாலிசிஸின்போது நான்கு மணி நேரம் எப்படி உட்காருகிறான்?

நரம்பியல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

8 ஜூலை

வலது காலை மடித்து, அதன்மேல் இடது காலைப் போட்டு, மடியில் கைப்பேசி. நான்கு மணி நேரமும் அப்படியே. அவன் அப்பா எழுதியதைப் படித்ததும் என் மகளையும் அப்படியே பார்த்தேன், அவளும் அதே போலத்தான் உட்காருவாள்.

மருத்துவர் மடக்கி உட்கார விடக்கூடாது என்று சொல்லி, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை கொடுத்திருக்கிறாராம். ஆனால் இரண்டு கணுக்காலிலும் சுத்தியலுக்கு அசைவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இரண்டு காலையும் பற்றி நான் முன்பு எழுதியதும் வீண் போகவில்லை. வீண் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

9 ஜூலை

டயாலிசிஸ் நடக்கும்போது விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு, கை இழுத்துக்கொள்வது: இதை நரம்பு நலிவு என்று விட்டுவிடாதீர்கள். கால்சியம் குறைந்தாலும் அப்படி வரும். அங்கேயே செவிலியரிடம் சொல்லுங்கள்.

21 ஜூலை

டயாலிசிஸ் நேரம். “பிள்ளை அழுகிறான், மூன்று மணி நேரத்திலேயே எடுத்துவிடச் சொல்கிறேன்” என்று ஒருவர். ஐயா, வேண்டாம்.

1960-ல் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிரந்தரக் குழாய் பொருத்தித் தொடர் டயாலிசிஸைத் தொடங்கிவைத்தார். அதுவரை சில வாரங்களில் இறந்துபோனவர்கள் வருடக்கணக்கில் வாழ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கால் நரம்பு கெடுவது பெரிதாகக் கண்ணில் பட்டது. நேரம் போதாதவர்களுக்குக் கெட்டது. நேரத்தைக் கூட்டினால் நின்றது. இன்னொன்றையும் கவனித்தார்கள்: வயிற்று டயாலிசிஸில் (வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிப்பது) இருந்தவர்களுக்கு யூரியா கூடுதலாக இருந்தும் நரம்பு தேவலையாக இருந்தது. அப்படியானால் கெடுப்பது யூரியா மட்டும் இல்லை, அதைவிடப் பெரிய, மெதுவாக வெளியேறும் கழிவுகளும்தான் என்று யோசித்தார்கள். மெதுவாக வெளியேறுவதை வெளியேற்ற நேரம்தான் வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் கதை சொல்லுங்கள், விடுகதை போடுங்கள். நாங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை வரும் ஊர்ப் பெயர்களைப் பின்னாலிருந்து சொல்லும் விளையாட்டு ஆடுவோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோவில், ரெட்டிச்சாவடி. தவறினால் முதலிலிருந்து.

18 ஆகஸ்ட்

எரிச்சலுக்கு வலி மாத்திரை கேட்பவர்களுக்கு: காபாபென்டின் போன்றவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோயால் வந்த கால் எரிச்சலுக்குக் கொடுத்ததை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. மகளுக்கு மிகச் சிறிய அளவு, டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் கொடுத்தார்கள்.

இரவில் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு அதைச் சரிசெய்ததும் உதைப்பது பாதியாகக் குறைந்தது.

6 அக்டோபர்

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் நரம்பு திரும்புமா? நேராகச் சொல்கிறேன்: இதற்கு அதைவிட நல்ல மருத்துவம் இல்லை. முற்றிலும் செத்துப்போன இழை முழுதாகத் திரும்பும் என்று உறுதி இல்லை; மிச்சம் இருப்பது மாதக்கணக்கில் தேறும்.

2019 ஜனவரியில் சென்னையில் என் இடது சிறுநீரகத்தை அவளுக்கு வைத்தார்கள். நான்காவது மாதம், பள்ளியிலிருந்து வந்து செருப்பை உதறினேன், அவள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “அம்மா, தரை ஜில்லென்று இருக்கிறது” என்றாள். மொசைக் தரை. பிறந்ததிலிருந்து அதன்மேல்தான் நடக்கிறாள்.

2020-ல் வேகம் 43. பெருவிரலில் வண்டு வந்துவிட்டது. சுத்தியலுக்கு இடது பாதம் அசைகிறது. வலது பாதம் இன்றுவரை அசையவில்லை.

இன்னொன்று: மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கலாம். எழுத்து கோணலாகும். பழைய நரம்புத் தொல்லை திரும்பிவிட்டது என்று நான் அழுதேன். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் குறைத்தார்கள், நின்றது.

5 டிசம்பர்

எல்லோரும் பத்திரமா? ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

பண்ருட்டித் தம்பிக்கு ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. மறுநாள் பையனால் குந்திய இடத்திலிருந்து எழ முடியவில்லை. காலெல்லாம் துவண்டுவிட்டது. பொட்டாசியம் 6.9. இதயத்தை நிறுத்திவிடும் அளவு அது. நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் உடனே ஊசியும் டயாலிசிஸும் கிடைத்தன.

டயாலிசிஸ் தவறிய பிள்ளைக்குத் திடீரென்று கால் துவண்டால் அது மாதக்கணக்கில் வரும் நரம்பு நலிவு இல்லை, பொட்டாசியம். எருமை மாட்டு வண்டி கிடைத்தாலும் ஏறி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மழைக்காலம் முடியும்வரை மிக அருகில் டயாலிசிஸ் செய்யும் இரண்டு இடங்களின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியது இன்னும் இருக்கிறது, இத்தனை வருடமாகியும் வெள்ளையடிக்க விடவில்லை.

12 ஜனவரி 2025

வலது பாதத்தைத் தூக்குகிறான், பட்டை கழற்றியாகிவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. எரிச்சல் இடது காலில் இன்னும் இருக்கிறதாம். பொங்கல் முடிந்ததும் இரண்டு காலுக்கும் மின்கடத்தல் சோதனை. எறும்பு கடிக்காது என்று சொல்லாதீர்கள், தம்பி. சுளீர் என்று இருக்கும், எண்ணிக்கொண்டிரு என்று சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு காலின் எண்களையும் இங்கே எழுதுங்கள். மகளின் பழைய அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.